கதவு ரப்பரும் கணவாய்க் காற்றும்

என் மனைவி காருக்குள் பேசிக்கொண்டே வருகிறாள் என்பது எனக்கு மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் காதால் தெரியவில்லை, கண்ணால் தெரிந்தது.

புளியறை சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்ற ஒரு சாயங்காலம். எங்களுக்கு நேர் முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்ட வேன் ஒன்று நின்றது. அந்தக் கண்ணாடியில் எங்கள் காரும் நாங்கள் இரண்டு பேரும் தெரிந்தோம். நான் அய்யனார் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அவள் பேசிக்கொண்டிருந்தாள். விரலை மடக்கி ஒவ்வொன்றாக எண்ணி, தலையை ஆட்டி, ஒரு இடத்தில் சிரித்துக்கூட. நான் சட்டென்று அவள் பக்கம் திரும்பினேன். வாய் மூடிவிட்டது. காதுக்குப் பின்னால் கையை விட்டு, அணைத்திருந்த காது மெஷினைப் போட்டுக்கொண்டு, "என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. முன்னால பாத்து ஓட்டுங்க" என்று கத்தினாள். வண்டி நின்றுகொண்டிருந்தது.

அவள் கத்தியதற்குக் காரணம் கோபம் இல்லை. என்னிடம் அவள் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். பீரங்கிப் படையில் இருபத்து நாலு வருடம் இருந்துவிட்டு வந்தவன் நான். நாங்கள் சுட்ட குண்டுகள் எங்கே போய் விழுந்தனவோ எனக்குத் தெரியாது, சத்தம் மட்டும் என்னோடு இலஞ்சிக்கு வந்துவிட்டது. இரண்டு காதிலும் மொச்சைக்கொட்டை அளவில் காது மெஷின் மாட்டியிருக்கிறேன். வீட்டுக்குள் அது ஓரளவு வேலை செய்யும். ஆனால் காற்றுக்கும் பேச்சுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. கொஞ்சம் காற்று பட்டாலும் இரும்புச் சட்டியில் மணலைப் போட்டு வறுக்கிற சத்தம்தான். அதனால் காரில் ஏறியதும் முதல் வேலையாக அதை அணைத்துவிடுவேன். மூன்று வருடமாக எங்கள் சாயங்காலச் சவாரி அப்படித்தான். இலஞ்சியிலிருந்து செங்கோட்டை வழியாகப் புளியறை, அங்கே ஒரு டீ, திரும்ப வீடு. நான் செவிட்டுச் சந்தோஷத்தோடு ஓட்டுவேன், அவள் சும்மா வருகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் ஆன புதிதில் அவள் பேசினால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. அப்படிப்பட்ட குரல். இப்போது எங்கள் வீட்டுப் பேச்சு முழுக்க ராணுவ உத்தரவு மாதிரி ஆகிவிட்டது. "சோறு ஆறுது." "மோட்டார நிப்பாட்டுங்க." "கேஸ்காரன் வந்திருக்கான்." மூன்று சொல்லுக்கு மேல் ஒரு வாக்கியம் எங்கள் வீட்டில் கேட்டு எத்தனையோ காலமாகிறது. அப்படி இருக்க, காருக்குள் விரல் விட்டு எண்ணி, சிரித்துச் சிரித்து யாரிடம் என்ன பேசினாள்? அன்றிலிருந்து எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. அதைக் கேட்க வேண்டும்.

நேராகக் கேட்டால் சொல்ல மாட்டாள். ஆகவே காருக்குள் காற்று வருவதை நிறுத்துவது என்று முடிவு செய்தேன்.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேரளத்துப் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட் பங்களாவின் பின்கட்டில் கோழி அடைந்துகொண்டிருந்த வண்டி அது. இரண்டே கதவு, இரண்டே இருக்கை, தரையோடு தரையாகப் படுத்திருக்கும். ஏதோ ஒரு காலத்து வெள்ளைக்கார துரை ரேஸ் ஓட்டுகிற ஆசையில் கப்பலில் இறக்கியது என்றார்கள். எட்டு வருடத்துக்கு முன்னால் அதை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது, "கோழிக்கூடா வாங்கிட்டு வந்தீய?" என்று கேட்டாள் என் மனைவி. ஐந்து வருடம் பிரித்துப் பிரித்துச் சேர்த்தேன். எஞ்சின், பிரேக், வயரிங், பச்சைப் பெயிண்ட் எல்லாம் என் கை பட்டது. விட்டுப்போனது கதவு ரப்பர் ஒன்றுதான். பீடிங் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வார்கள். கதவு மூடும்போது தகரத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் நசுங்கி நின்று காற்றையும் தண்ணீரையும் தடுக்கிற பட்டை. என் வண்டியில் அது வெயிலில் காய்ந்த பனங்கிழங்கு மாதிரி விறைத்து, தொட்டால் உதிர்ந்தது. ஓடுகிற வண்டிக்கு ரப்பர் என்ன பெரிய விஷயம் என்று விட்டுவைத்திருந்தேன்.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை எங்கள் ஊர்ச் சாரல் சொல்லித்தரும். மழை மேலிருந்து விழும், அதற்குக் கூரை போதும். சாரல் விழுவதில்லை, வருகிறது. கணவாய் வழியாக மலையைத் தாண்டி வருகிற காற்று அதைப் படுக்கைவாட்டில் தூக்கிக்கொண்டு வரும். குற்றாலத்துச் சீசனில் நூறு முறை நனைந்தவன்தான் நான், ஆனாலும் ஓடும் காரின் மூடிய கதவு ஓரத்தில், தலைமுடி நுழையாத இடத்தில், அது உள்ளே வந்து முத்து முத்தாகக் கோர்த்து நிற்பதைப் பார்த்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் வாய் அடைத்துப் போகும். தகரத்தில் எங்கே பழுது என்று எனக்குக் கண்டுபிடிக்க ஒரு நாள் வேண்டும். சாரலுக்கு ஒரு நிமிடம் போதும்.

"சாரல் உள்ள வருது, கதவு ரப்பர் மாத்தணும்" என்று வீட்டில் சொன்னேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

பெங்களூரில் இருக்கிற மகள் கம்ப்யூட்டரில் தேடி வெளிநாட்டிலிருந்து ரப்பரை வரவழைத்தாள். பெட்டியைத் திறந்தபோது கறுகறுவென்று புது வாசனையோடு பாம்புச் சுருள் மாதிரி இரண்டு சுருள் இருந்தது. ஒரு ஓரம் உதடு மாதிரி மெல்லிசாக, நடுவில் குழாய் மாதிரி உள்ளே பொள்ளலாக. அந்தக் குழாய்தான் நசுங்குகிற இடம், உதடு தகரத்தில் பள்ளமாக ஓடுகிற காடிக்குள் போக வேண்டிய இடம். இவ்வளவு யோசனையையும் ஒரு துண்டு ரப்பருக்குள் வைத்த மனிதன் எந்த ஊரில் இருந்தானோ என்று கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்த கையோடு வேலையைத் தொடங்கினேன். பழைய ரப்பரைச் சுரண்டி எடுத்தேன். புது ரப்பர் நேர்க்கோட்டில் சமர்த்தாகப் போயிற்று. மேல் மூலையில் வளைகிற இடத்தில் மட்டும் உதடு காடிக்குள் ஏறவில்லை. கட்டை விரலால் அழுத்தினால் வெளியே துள்ளும், ஸ்க்ரூ டிரைவரால் தள்ளினால் பெயிண்ட் போகும். எனக்குக் கோபம் வந்தால் கை நிதானம் போய்விடும், அது எனக்கே தெரியும். எழுந்து நின்று சுற்றிப் பார்த்தேன். அருவிக்குக் கொண்டுபோன நல்லெண்ணெய்ப் பாட்டில் பாதி மிச்சத்தோடு காரின் மேலேயே இருந்தது.

எங்கள் ஊர்க்காரன் புத்தி அங்கேதான் வேலை செய்யும். உடம்பு பிடித்துக்கொண்டால் எண்ணெய், கதவு கிறீச்சிட்டால் எண்ணெய், திறக்காத பூட்டுக்கு எண்ணெய். குற்றாலத்தில் வழி நெடுக எண்ணெய் தேய்க்கிற ஆட்கள் உட்கார்ந்திருக்கிற ஊரில் பிறந்தவனுக்கு வேறு என்ன தோன்றும். உள்ளங்கையில் ஊற்றி, ரப்பர் முழுக்கத் தலையிலிருந்து வால்வரை தேய்த்தேன். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. மத்தியானத்துக்குள் இரண்டு கதவும் முடிந்தன. கதவை மூடினேன். மெத்தென்று மூடியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டியாச்சா? சாம்பிராணியும் போடுங்க" என்று கத்திவிட்டு உள்ளே போனாள்.

நாலு நாள் மழை, வண்டியை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் கதவைத் திறந்தேன், திரும்ப மூடவில்லை. பூட்டுக்கு ஒரு விரல்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. தள்ளினேன். தோளைக் கொடுத்துத் தள்ளினேன். கடைசியில் ஓங்கி அடித்தேன், கதவு அடித்த வேகத்தில் என்னிடமே திரும்பி வந்தது. குனிந்து பார்த்தால் ரப்பர் முழுக்க ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி ஊதிக் கிடந்தது. சில இடத்தில் காடியைவிட்டு வெளியே வந்து அலை அலையாக நெளிந்து நின்றது. தொட்டால் கொழகொழவென்றிருந்தது. எண்ணெயைக் குடித்துவிட்டிருந்தது.

கடல் தாண்டி வந்த பொருளை என் கையாலேயே பாழாக்கிவிட்டேன். பிடுங்கி முற்றத்தில் எறிந்தேன். அவள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சாயங்காலம் புளியறைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. கதவு மூடாத காரில் எங்கே போவது. மூன்றாம் நாள் சாயங்காலம் நாலரை மணிக்கு அவள் சேலை மாற்றிக்கொண்டு, செருப்பையும் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்தாள். பிறகு ஞாபகம் வந்தவளாகத் திரும்பிப் போய்ச் சேலையை மாற்றிக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் கேட்காமல் இருந்தது என் நஷ்டம் மட்டும்தான். அவளுக்குப் பேச இருந்த ஒரே இடத்தை இப்போது நான் பறித்துவிட்டேன்.

நல்லவேளையாக, ரப்பரை அளவுக்கு வெட்டியபோது மிஞ்சிய நாலு விரல் துண்டு ஒன்று, எண்ணெய் படாமல், பெட்டியிலேயே கிடந்தது. தென்காசியில் சீட் கவர் தைக்கிற அண்ணாச்சி ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இங்கன ஆவாது. மலைக்கு அந்தப் பக்கம் ரப்பர் பட்டறை வச்சிருக்கான் ஒருத்தன். அங்கன போங்க" என்று என் காது ஓரமாகச் சொன்னார்.

பஸ்ஸில் போனேன். பட்டறைக்காரர் என் வயதுதான் இருப்பார், வேட்டியை மடித்துக் கட்டி, கை முழுக்கக் கரியோடு நின்றார். அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தார். முதல் ரப்பருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். சொன்னேன்.

"எண்ணயோ சேட்டா?" என்று கேட்டுவிட்டு வேலையாட்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் எல்லோரும் வேலையை நிறுத்தி என்னைப் பார்த்தார்கள். "ரப்பருக்கு எண்ண சத்ருவாணு. சோப்பு வெள்ளம் மதி. சோப்புத் தண்ணி, அவ்வளவுதான்."

பீரங்கியைப் பிரித்துப் பூட்டியவனுக்குச் சோப்புத் தண்ணீர் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆனால் அன்று நான் பார்த்ததை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. புளியறை தாண்டினால் ரப்பர்க் காடு என்பது எங்களுக்கெல்லாம் தெரியும், பஸ் ஜன்னலில் பார்த்திருக்கிறோம். மரத்தில் கட்டிய சிரட்டையில் அன்று காலை இறங்கிய பால் பட்டறையின் பின்புறம் வாளி வாளியாக வந்து இறங்கியது. தண்ணீர் விட்ட பசும்பால் மாதிரியே இருந்தது, விரலை விட்டுப் பார்த்தேன். அதில் ஏதோ புளிக்கிற மருந்தைக் கலந்து தட்டில் ஊற்றினால் கெட்டித் தயிராக உறைகிறது. அதை உருளையில் விட்டு வேட்டி மாதிரி உலர்த்துகிறார்கள். உலர்ந்ததைக் கரியோடும் கந்தகத்தோடும் சேர்த்து இன்னொரு உருளையில் சப்பாத்தி மாவாகப் பிசைகிறார்கள். அவர் என் துண்டின் முகத்தைத் தகட்டில் வரைந்து, அரத்தால் அராவி அச்சு செய்தார். அதற்கே அரைநாள் ஆனது. பிறகு அந்தக் கறுப்பு மாவு ஒரு பக்கம் உள்ளே போயிற்று, மறுபக்கம் அச்சு வழியாக உதடும் குழாயுமாக நீண்டு வந்தது. எங்கோ கடல் தாண்டி ஒருவன் யோசித்து வைத்த அதே முகம். எங்கள் மலையின் மரப்பாலில்.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கோயிலில்கூட நான் அப்படி நின்றதில்லை. எட்டு வருடமாக அந்தக் கார் வெளிநாட்டு வண்டி என்று பெருமை பேசியிருக்கிறேன். அது கோழி அடைந்து கிடந்த பங்களாவைச் சுற்றி நின்றதெல்லாம் இந்த மரம்தானே என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. வேக வைத்து எடுக்க மறுநாள் ஆகும் என்றார். மறுநாளும் போனேன். சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், இடம் கிடைத்தும் உட்காரவில்லை.

இரண்டாம் முறை ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். காடியில் இருந்த எண்ணெயைத் துணியில் தின்னரைத் தொட்டு மூன்று தடவை துடைத்தேன். கதவுக்குக் கீழே, அடிவாசலின் நடுவிலிருந்து தொடங்கினேன், அப்போதுதான் இரண்டு முனையும் சேருகிற இடம் சாரல் படாத இடத்தில் அமையும். இழுத்து ஒட்டினால் அன்றைக்கு அழகாக இருக்கும், ஒரு மாதத்தில் சுருங்கி இடைவெளி விடும் என்று பட்டறைக்காரர் சொல்லியிருந்தார். அதனால் இழுக்காமல், மூலைகளில் கொஞ்சம் கூடுதலாகவே ஊட்டிவிட்டேன். ஏறாத மேல் மூலைக்குச் சோப்புத் தண்ணீர். ஒரு குழந்தையின் காலைச் சட்டைக்குள் விடுகிற மாதிரி அது தானாக உள்ளே போயிற்று. கண்ணாடி ஓரத்து வெல்வெட் பட்டையையும் மாற்றினேன். கார்ச் சட்டத்தின் தூணில் கதவு கவ்வுகிற கொக்கியை ஒரு நூல் வெளியே நகர்த்தினேன்.

ரப்பர் எல்லா இடத்திலும் தகரத்தைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குச் சாக்பீஸ் தூள் தேய்த்து மூடித் திறப்பார்கள். வீட்டில் சாக்பீஸ் இல்லை, சாமி அலமாரியில் திருநீறு இருந்தது. ரப்பர் நெடுகப் பூசி, கதவை மூடித் திறந்தேன். தூணில் வெள்ளைக்கோடு விழுந்தது. கீழ்ப்பக்கம் இரண்டு விரல் அளவுக்கு மட்டும் விட்டுப்போயிருந்தது. கொக்கியை இன்னும் கொஞ்சம் திருத்தினேன், கோடு முழுசாயிற்று. திருநீற்றுத் தட்டைத் தேடிக்கொண்டு வந்த என் மனைவி அதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"கதவுக்குப் பட்டை போட்டாச்சா? குங்குமமும் வச்சிருங்க."

"சரி, நீ உள்ள ஏறி உக்காரு" என்றேன். இன்னொரு சோதனை பாக்கி இருந்தது. கார் ஷெட்டின் ஷட்டரை இறக்கி இருட்டாக்கினேன். உள்ளே அவள் டார்ச்சை ஓரம் ஓரமாக அடித்துக்கொண்டு வர, வெளியே நான் எங்கேயாவது வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு ஊசி முனைகூடக் கசியவில்லை. ஆனால் நான் தட்டிய பிறகும் அவள் உடனே இறங்கவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது. வழக்கமாகக் கத்துகிறவள் மறந்துபோய் மெல்லப் பேசினாள். நான் உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"உள்ள என் மூச்சு எனக்கே கேக்குது."

மறுநாள் காலை நான் தனியாக வண்டியை எடுத்தேன். செங்கோட்டை தாண்டி, காற்று முகத்தில் அறைகிற திறந்தவெளிக்கு வந்து, மெஷினை அணைக்காமல் ஓட்டினேன். மணல் வறுக்கிற சத்தத்துக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. வெளியே தென்னைகள் தலையை விரித்து ஆடின, சாரல் கண்ணாடியில் கிடைமட்டமாக ஓடியது, உள்ளே எஞ்சினின் கீழ் உறுமலைத் தவிர ஒன்றும் இல்லை. ஒரு லாரிக்கு வழிவிட இண்டிகேட்டரைப் போட்டேன். டிக் டிக் என்று ஏதோ கேட்டது. எங்கே என்ன கழன்றுவிட்டதோ என்று வண்டியை ஓரம் கட்டினேன். பிறகுதான் தெரிந்தது, அது இண்டிகேட்டர். அந்த வயரை இழுத்துப் பூட்டியவன் நான். மூன்று வருடமாக அதன் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஓரமாக நின்றபடியே அதைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் நாலரைக்கு அவள் சேலை மாற்றிக்கொண்டு வந்து ஏறினாள். இனி நான் செய்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வழக்கம்போலக் காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனேன். மெஷினை அணைக்கவில்லை, அணைத்த மாதிரி பாவனை செய்தேன். அவள் அதைப் பார்த்தாள், தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

இலஞ்சி தாண்டும்வரை ஒன்றும் இல்லை. செங்கோட்டைக் கடைவீதி நெரிசலிலும் ஒன்றும் இல்லை. ஊர் முடிந்து வயல் தொடங்கியதும் அந்தக் குரல் வந்தது. நான் கல்யாணம் பண்ணிக்கொண்ட குரல். எங்கேயும் போகவில்லை, வயதுகூட ஆகவில்லை.

"அப்பாடா. இருபது நாளாச்சு" என்றது. "எங்கன விட்டேன்? ஆங், மக போன் பண்ணுனா. உங்களத்தான் கேட்டா. நல்லாருக்காரு, கதவோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்காருன்னேன். சிரிக்கா. உங்களுக்கு அவ சிரிப்பு ஞாபகம் இருக்கா? உங்க அம்மை சிரிப்புதான் அப்படியே." கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு குரலைத் தடிப்பாக்கி, "ம்" என்று எனக்குப் பதிலாக அவளே சொல்லிக்கொண்டாள்.

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் தனக்குத்தானே பேசவில்லை. சாமியிடமும் பேசவில்லை. என்னிடம் பேசிக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாக, தினமும், போக வர, ஒன்று விடாமல் என்னிடம்தான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"முழங்கால் இன்னைக்குத் தேவல. அந்த மலையப் பாருங்க, மேகம் எப்படி எறங்குதுன்னு. நீங்க எங்க பாக்கப் போறீய. ரோட்டத்தான் பாப்பீய. பாத்து ஓட்டுங்க, அதுவும் நல்லதுதான். ம்."

புளியறை டீக்கடையில் இறங்கியதும் அந்தக் குரல் போய்விட்டது. "சீனி கம்மியா சொல்லவா?" என்று கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். நான் தலையை ஆட்டினேன்.

திரும்பும்போது சாரல் வலுத்தது. அவள் கண்ணாடியில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நேத்து மகளே கேக்கா, ஏம்மா எப்பப் பாத்தாலும் கோவமாப் பேசுதன்னு. நான் கோவமாவா இருக்கேன்? கத்திக் கத்தி என் தொண்டையே மாறிப்போச்சுங்க. நீங்களும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கீயளோ என்னமோ. சோறு ஆறுதுன்னு கத்தலாம். மோட்டார நிப்பாட்டுங்கன்னு கத்தலாம். பிரியமா ஒண்ணு சொல்லணும்னா, அத எப்பிடிங்க கத்திச் சொல்ல?"

சொல்லிவிட்டு நிறுத்தினாள். வழக்கமாக அவள் எனக்காக விடுகிற இடைவெளி.

"ம்" என்றேன்.

"அதான் இங்கன வந்து..." என்று தொடர்ந்தவள் நின்றாள். மெல்லத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் காதைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மெசின் போட்டிருக்கீயளா?"

"ம்."

"எங்கன இருந்து?"

"போகும்போதே. வீட்டுலேருந்து."

அவள் முன்னால் திரும்பிக்கொண்டாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நான் செய்தது திருட்டு. ஒரு வளைவு போயிற்று, இன்னொரு வளைவு போயிற்று. இனி அவள் என் வண்டியில் வாய் திறக்க மாட்டாள், கதவை இறுக்க அடைத்து அந்தக் குரலை நானே வெளியே நிறுத்திவிட்டேன் என்று எனக்குத் தோன்றியது.

அவள் கையை நீட்டித் தன் பக்கத்துக் கதவின் கண்ணாடியைச் சுற்றி இறக்கினாள். முழுக்க இறக்கினாள். கணவாய்க் காற்றும் சாரலும் ஒன்றாக உள்ளே பாய்ந்தன, என் காதில் மணல் வறுபட ஆரம்பித்தது. கண் ஓரத்தில் பார்த்தேன். முந்தானை பறக்க, முகமெல்லாம் நனைய, அவள் பேசிக்கொண்டிருந்தாள். முன்னால் பார்த்துக்கொண்டு, அவசரம் இல்லாமல். அரை நிமிடம் இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம். என்னைத் திட்டினாளா, கத்திச் சொல்ல முடியாது என்றாளே அதைச் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை கேட்கவில்லை, கேட்கவும் போவதில்லை. அது அவளுடையது.

பிறகு கண்ணாடியை மேலே ஏற்றினாள். கடைசிச் சுற்றில் அது ரப்பரில் போய் அழுந்தியது, காற்று நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இலஞ்சிக்காரர் யாருக்கும் கேட்காத அந்தக் குரலில் சொன்னாள்.

"ம். இனி கேளுங்க."